முதல் சொம்பு கூழ்

புதுப்பட்டினத்து ரெபேக்காளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தால், இவள் ஒரு கண்ணைத் திறந்து வாசலில் விட்ட செருப்பைப் பார்ப்பாள்.

ஆடி ஞாயிறு. சர்ச்சிலிருந்து திரும்பியவளின் வாசலில், பக்கத்து வீட்டு மீன்காரி வச்சலா சொம்புக் கூழோடு நின்றாள்.

“சாமிக்குப் படைச்சத நாங்க தொடமாட்டோம், தெரியுமில்ல?”

“இது படைக்காதது.”

“வருசா வருசம் இதையேதான் சொல்ற. எப்படி நம்புறது?”

வச்சலாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “உனக்கு எடுத்து வச்சிட்டு அப்பாலதான் அம்மனுக்கே படைக்கிறேன். பத்து வருசமா இப்டித்தான். போதுமா?”

ரெபேக்காள் ஒரு வாய் குடித்தாள். உடனே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது.

“ஏண்டி, எனக்கு அப்புறம்னா உங்க அம்மன் கோச்சிக்க மாட்டாளா?”

“பத்து வருசமா அவ கோச்சிக்கல. நீதான் கோச்சிகினு கீற.”