லிஃப்டுக்குப் போட்ட பைக் கியர்

பழைய டிராக்டர்களில் லிஃப்ட் லீவர் சீட்டுக்கு வலப்பக்கம் இருக்கும். பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்குவதும் இறக்குவதும் அதுதான். வலது கை அதற்கு, இடது கை ஸ்டீயரிங்குக்கு. நாகலாபுரம் பக்கத்துக் கனகராஜுக்கு வலது கை போய்விட்டது. பைக்கிலிருந்து விழுந்ததில் தோள் நரம்பு அறுந்து, கை சும்மா தொங்கியது.

கோவில்பட்டியில் என் டிராக்டர் ரிப்பேர் ஷெட்டுக்கு வண்டியை அவனே ஓட்டி வந்தான். மட்கார்டில் அவன் மனைவி செல்வி, ஆறு மாதக் கர்ப்பிணி. எனக்கு வந்ததே கோபம்!

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? வயித்துப்பிள்ளக்காரிய மட்கார்டுல ஏத்திக்கிட்டு வாரியே!"

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? உழும்போது 'தூக்கு'ன்னு நான் கத்துனா லீவரை இவதான் பிடிக்கா. வீட்டுல இருந்துக்கிடுன்னா கேக்க மாட்டேங்கா."

"மழை பெஞ்சிருக்குல்லா" என்றாள் செல்வி. "வாடகை வண்டியெல்லாம் நெறைய நெலம் உள்ளவிய காட்டுக்குப் போயிட்டு. நான் ஏறாம எங்க காட்ட எப்படி விதைக்க?"

கரிசல் மண் யாருக்கும் காத்திருக்காது. மழை விட்டதும் இறங்கினால் சக்கரத்தில் சேறு அப்பும்; விட்டுவிட்டால் இறுகி வெடித்துவிடும். இடையில் கிடைக்கிற பதத்தில் உளுந்தைத் தூவி உழுது மூடியாக வேண்டும். மண்கட்டியில் குதிக்கிற வண்டியில் இந்த நிலையில் செல்வி உட்கார்ந்தால் என்ன ஆகும்?

"கவலைய விடுங்க. லீவரை இடப்பக்கம் கொண்டாந்துருதேன்" என்று சாக்பீஸால் மார்க் செய்தேன்.

செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, வரப்புக்கிட்ட வந்ததும் தூக்கணும், அப்பமே வண்டியத் திருப்பணும். இவியளுக்கு இருக்கதே ஒரு கை. அது லீவரைப் பிடிச்சா ஸ்டீயரிங்கை யாரு பிடிப்பா, எங்க மாமியாளா?"

கனகராஜே சிரித்துவிட்டான். நான் கோட்டை அழித்தேன். இன்றுவரை எந்த லீவரை மாற்றுவதானாலும், அதைப் பிடித்தவர்களிடம் கேட்ட பிறகுதான் அளக்க டேப்பை எடுப்பேன்.

கை இல்லையென்றால் கால். வேகத்துக்குக் கையால் இழுக்கிற ஹேண்ட் த்ராட்டிலை வைத்துவிட்டால் வலது காலுக்கு பிரேக்கைத் தவிர வேலையில்லை. காயலான் கடையில் பைக் கியர் லீவர் ஒன்றை எடுத்து ஃபுட்போர்டில் பொருத்தி, ராடு போட்டு லிஃப்ட் லீவரோடு இணைத்தேன். குதிகாலால் மிதித்தால் கலப்பை ஏறும், முன்பாதத்தால் மிதித்தால் இறங்கும். ஓட்டிப் பார்த்தபோது குலுக்கலில் லீவர் தானாகச் சரிந்தது. லீவரை நகராமல் பிடித்துக்கொள்கிற ஃப்ரிக்‌ஷன் நட்டை இறுக்கினேன். கலப்பை அதிக ஆழம் இறங்காமலிருக்க ஸ்டாப்பர் வைத்தேன். பிரேக் பெடலில் இடிக்கிறதா என்று அவனை மிதிக்க வைத்தே பார்த்தேன்.

பதம் வந்த காலையில் மனசு கேட்காமல் நானும் காட்டுக்குப் போனேன். செல்வி என்னோடு வரப்பில் நின்றாள். கனகராஜ் தனியாக உழுதுகொண்டே எதிர் வரப்பை நெருங்கினான். கலப்பை ஏறியது, வண்டி திரும்பியது, கலப்பை இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன!

செல்வியும் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "இனிமே அவியளுக்கு நான் வேண்டாம், என்ன அண்ணாச்சி?"

வண்டி எங்கள் பக்க வரப்புக்கு வந்தது. இன்ஜின் சத்தத்தை மீறி கனகராஜின் குரல் கேட்டது.

"ஏட்டி, தூக்கு!"

மட்கார்டு காலியாக இருந்தது. அவன் குதிகால்தான் மிதித்தது, கலப்பை ஏறியது.

"தூக்கியாச்சு!" என்று வரப்பிலிருந்தே கத்தினாள் செல்வி.