பார்த்தாச்சு முத்திரை

“யாரு போனா? கண்ணால பார்த்தது யாரு?”

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வரும்வரை சற்குணம் உட்காரமாட்டார். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சமூகநல அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிற்பார். வயது ஐம்பத்தேழு. முழங்கால் வலி உண்டு. அதற்குத் தைலம் தேய்ப்பதும் நின்றபடியேதான். என் தம்பியின் மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்கப் போய், ஒரே மாதத்தில் மூன்று முறை அவர் எதிரே உட்கார்ந்தேன். ஒரு பெண்மணி நிற்க நாம் உட்கார்ந்திருப்பது கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தா. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. இவரும் குமாஸ்தா. “எங்க குடும்பத்துக்குக் காகிதத்த விட்டா வேற ஒண்ணும் தெரியாது லா” என்பார். அடிக்கோல் வைத்துத்தான் முத்திரை குத்துவார்; அவர் பேச்சில் அது ‘சாப்’. நூலிழை கோணினாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் அடிப்பார். சக ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், முன்னாலும் சிரிப்பார்கள்.

‘அனுப்பப்பட்டது’ என்ற பழைய முத்திரை அவர் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன் வீட்டில் அடிபட்டுவந்த ஒரு பையனைப் பற்றிப் பள்ளிக்கூடம் எழுதியது, மருத்துவமனை எழுதியது, போலீஸ் எழுதியது, இவர்களும் எழுதினார்கள். எல்லாக் கடிதத்திலும் ‘மேல் நடவடிக்கைக்கு’ என்று ஒரே வரி. ஊர் கூடித் தேர் இழுக்க வந்தது. வடத்தைத் தொட்ட ஆள்தான் இல்லை.

“எல்லாரும் எழுதினோம், ஒருத்தரும் போகல. கடசி லெட்டருக்கு சாப் அடிச்சது நாந்தான். நல்லா நேரா அடிச்சேன்” என்றார்.

பையன் உயிரோடு இருக்கிறான். இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது.

அந்த வாரமே சூலியா தெருவுக்குப் போய், சொந்தச் செலவில் புதிய முத்திரை ஒன்று செய்துகொண்டு வந்தார். மலாயில் இருக்கும் அதன் வாசகத்தைத் தமிழில் சொன்னால், ‘பிள்ளையைப் பார்த்தாச்சு.’ அது விழாமல் எந்தக் கடிதமும் அவர் மேசையைத் தாண்டாது. மேலதிகாரி முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே “சாப் விழுந்துவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

இன்னொரு வேலையும் செய்தார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை, போலீஸ், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கும் அக்கரை அலுவலகம் என எல்லா இடத்திலிருந்தும் ஓர் ஆளை அதே சூலியா தெருவில் பசியாற அழைப்பார். அங்கே எந்தப் பிள்ளையைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது. சாப்பிடலாம், சிரிக்கலாம், கைப்பேசி எண் வாங்கிக்கொள்ளலாம். “மொகம் தெரிஞ்சவங்க கூப்பிட்டா போன எடுக்காம இருப்பாங்களா?” என்பது அவர் கணக்கு. கடிதத்துக்கு அசையாத இலாகாக்கள் ரொட்டி சானாய்க்கு அசைந்ததை நான் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் ஒரு வியாழக்கிழமை அதை நேரிலேயே பார்த்தேன். (எழுதலாமா என்று கேட்டேன். ஊரையும் வயதையும் மாற்றச் சொன்னார்; மாற்றியிருக்கிறேன்.) ஆறு வயதுச் சிறுமி. முதுகில் பெல்ட் தழும்புகளைக் கண்ட தாதி சலேஹா, மறு பரிசோதனைக்குப் பிள்ளை வராததும் காலை எட்டு மணிக்கே சற்குணத்தைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் தாயோடு வாழ்ந்துவந்த ஆள், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்றான். தாய்தான் அடித்திருக்கிறாள், அதுதான் ஒளிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். போலீஸ் சார்ஜன் இக்மல் விசாரித்து, அவள் அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருப்பதையும், அங்கேயே வாடகைக்கு இருப்பதையும் பத்து மணிக்குள் கண்டுபிடித்தார்.

வழக்கப்படி பழைய வீட்டுக்கு ஒரு கடிதம் தயாரானது. கோப்பு அக்கரைக்கு மாறுகிறது, மாக் மண்டினில் இன்ன விலாசத்தில் அதிகாரி வந்து பார்ப்பார் என்று. சற்குணம் அதை அடிக்கோலுக்கு அடியில் வைத்தார்.

பதினொன்றரைக்கு இக்மல் பேசினார். மாக் மண்டின் வீடு பூட்டியிருக்கிறதாம், பிள்ளை நன்றாக இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கையில் எடுத்த முத்திரையைச் சற்குணம் கீழே வைத்தார். பார்த்தது நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தொலைபேசியை வைத்ததும் தமிழில் பொரிந்தார்: “அடுத்த வீட்டுக்காரன் கண்ண வச்சு நான் எப்படி சாப் அடிக்கிறது?” உடனே அக்கரை அதிகாரி ராகினியை அழைத்தார். “நீ போம்மா. தொழிற்சாலைக்கே போ.”

ஒன்றரை மணிநேரம் நின்றார். வாங்கி வைத்த தேநீர் ஏடு கட்டியது.

சற்குணத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். தொலைபேசியின் ஒலியை முழுக்கக் கூட்டி வைத்திருப்பார். எனவே ராகினி கூப்பிட்டபோது நான் ஒட்டுக்கேட்கவில்லை, தானாகவே கேட்டது.

“அக்கா, பார்த்துட்டேன். நானே பார்த்தேன். அம்மாவோட தங்கச்சி வீட்டுல, செபராங் ஜெயாவுல இருக்கு. கிளினிக்ல காட்டியாச்சு. பழைய தழும்புதான், புதுசா ஒண்ணுமில்ல.”

“சாப்பிட்டுச்சா?”

“ரெண்டாவது ரொட்டி சாப்புடுது.” ராகினியின் குரல் தாழ்ந்தது. “அக்கா, அடிச்சது அம்மா இல்ல. அந்த ஆளு. அவன்கிட்டேருந்து பிள்ளயக் காப்பாத்தத்தான் இங்க வந்திருக்காங்க. மாக் மண்டின் வீடு அவனுக்குத் தெரியாது.” பிறகு கேட்டாள்: “அக்கா, பழைய வீட்டுக்கு ஒரு லெட்டர் போட இருந்தோமே. போயிடுச்சா?”

சற்குணம் அடிக்கோலை நகர்த்திப் பார்த்தார்.

“இங்கதான் கெடக்கு. சாப் விழல.”

மறுமுனையில் ராகினி அழுதுவிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கோ என் தம்பியின் அட்டை அடுத்த வருடம் வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

சற்குணம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து முத்திரையைக் குத்தினார். அது நன்றாகவே சாய்ந்து விழுந்தது. அடிக்கோலைத் தேடவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், எழுத்து ஒன்றும் படிக்க முடியாதபடி கிழித்தார். காலடியில் குப்பைக்கூடை இருந்தது. அதில் போடாமல், துண்டுகள் அத்தனையையும் திரட்டித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பையை மடியில் வைத்துக்கொண்டார்.