கவிழ்த்துப் பார்த்து வாங்கிய கிரில்

எங்கள் சர்வீஸ் சென்டரில் டெஸ்டர் அக்காவின் நிஜப் பெயரைக் கேட்டால் முதலாளியே கொஞ்சம் யோசிப்பார். கொண்டையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும். அதை அங்கே வைத்துக்கொண்டே, "என் டெஸ்டரை எவன்டா எடுத்தது?" என்று மேஜை மேஜையாகத் தேடுவார். பதினோரு வருடமாக நான் அவருக்குப் பக்கத்து மேஜை. ஜனங்கள் தூக்கிக்கொண்டு வரும் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாவற்றையும் வாங்கி, சீட்டு எழுதி, அக்கா பக்கம் தள்ளுவது என் வேலை. திறந்து பார்த்து, திட்டி, சரிசெய்து, திரும்ப என் பக்கம் தள்ளுவது அவர் வேலை. திட்டு மெஷினுக்கா, கொண்டுவந்தவருக்கா என்பது மட்டும் சில நேரம் தெளிவாக இருக்காது.

இந்தப் பதினோரு வருடத்தில் பத்தரை வருடம் எனக்கு ராஜ வாழ்க்கை. காரணம் அக்காவின் வீட்டுக்காரர். பெரிய அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் சமையல்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நான் ஒண்டிக்கட்டை என்று தெரிந்த நாள்முதல், அக்காவின் டிபன் கேரியரில் எனக்கென்று ஓர் அடுக்கு வந்துவிடும். பன்னிரண்டரை மணிக்கே எனக்கு மூக்கு வேர்த்துவிடும். அப்போது யாராவது பழுதான மிக்ஸியோடு வந்து நின்றால் அவர்களுக்கு என் முகத்தில் நல்ல வரவேற்பு இருக்காது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் மாமா பஸ் படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடிதான் கூடவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் தூக்கலாம், அதற்கு மேல் கனமென்றால் விரல்கள் தாமாகவே விட்டுவிடும். கேன்டீன் வேலை போனதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கும்போது கை நழுவி, தரை முழுக்கக் கொட்டிவிட்டது. நல்லவேளை, காலில் படவில்லை. ஆனால் அன்றோடு சமையலறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். பேப்பர் முடிந்தால் அதையே முதலிலிருந்து படித்தார்.

சமையல் அக்கா கைக்கு வந்தது. எரிந்துபோன மோட்டாருக்கு உயிர் கொடுக்கிற அந்தக் கைக்கு ஒரு முட்டையை ஒழுங்காக வேகவைக்க வராது. முதல் நாள் கேரியரைத் திறந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு போட்டீங்களாக்கா?" என்றேன். "போட்ட மாதிரிதான் ஞாபகம்" என்றார். அதற்கப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

"சோறு கெடக்குது தம்பி, எதையோ தின்னுட்டுப் போயிடலாம்" என்று ஒருநாள் அவராகவே சொன்னார். "இந்த மனுஷன் அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சு அடுப்பங்கரைக்குள்ள போகணும். அது நடக்கலைன்னா என் வீட்டுக்காரரை நான் பாதியாதான் வெச்சிருக்கேன்."

சொல்லும்போது கையில் ஒரு அயர்ன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. 

யோசனை அவருக்கு வேலையிலேதான் வந்தது. யாரோ ஒரு மின்சார கிரில்லைச் சரிசெய்யக் கொடுத்திருந்தார்கள். மேடைமேல் வைத்துக்கொள்கிற சின்ன வகை. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் மீனோ உருளைக்கிழங்கோ வைத்து மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வெந்துவிடும். அக்கா அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இதுல தூக்கறது இல்ல, இறக்கறது இல்ல, கிளறறதும் இல்ல. திருப்பிக்கூடப் போட வேணாம். கவனிச்சியா?"

"கவனிச்சேன். வாங்கிடுங்க" என்றேன். என் வயிறும் சேர்ந்துதான் சொன்னது.

வாங்குவதாவது! ஊரில் உள்ள மற்றவர்கள் கடைக்குப் போனால் நல்ல மெஷின்களைப் பார்ப்பார்கள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் கெட்டுப்போய் வந்தவை. எது எந்த மாதம் எந்த இடத்தில் மண்டையைப் போடும் என்பது அத்துப்படி. மூன்று கடை ஏறினோம். துணைக்கு நான். முதல் கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்து விற்பனைப் பையன் வாயைத் திறப்பதற்குள், அக்கா அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்.

"மேடம், முன்பக்கம் இந்தப் பக்கம் இருக்கு."

"முன்பக்கம் எனக்கெதுக்குப்பா? அது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூக்களை எண்ண ஆரம்பித்தார்.

அது தேறவில்லை. தட்டைக் கழற்ற முடியாது, சூடேற்றுகிற காயிலோடு ஒட்டிக்கிடந்தது. கழுவ வேண்டுமென்றால் மெஷினையே தண்ணீரில் முக்க வேண்டும், முக்கினால் மறுநாள் எங்கள் மேஜைக்கு வந்துவிடும். அடுத்த கடையில் ஒன்று. வயர் உடம்புக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் இல்லை, ஆறு மாதத்தில் அறுந்துவிடும். இன்னொன்றில் எண்ணெய் வடிகிற பள்ளம் பின்பக்கமாகச் சாய்ந்து, நேரே சுவிட்ச் பக்கம் ஓடியது. "இதை வரைஞ்சவன் சமைச்சதும் இல்ல, சாப்பிட்டதும் இல்ல" என்றார். ஒன்றில் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும். "மீனுக்கும் ரொட்டிக்கும் ஒரே சூடா? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சட்டை போட்டுக்கிற மாதிரி இருக்கு."

எனக்குக் கால் கடுத்தது. "அக்கா, மாமாவையும் ஒருதடவை கூட்டிட்டு வந்து காட்டிடலாமே?" என்று ஒரு வார்த்தை கேட்டேன்.

"அவருக்கு அடுப்பைத் தெரியும். மெஷினைப் பத்தி அவருக்கென்ன தெரியும்? அது என் டிபார்ட்மென்ட்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மூன்றாவது கடையில் ஒன்று தேறியது. தட்டு இரண்டும் பட்டனை அழுத்தினால் கழன்று வந்தன. எண்ணெய் முன்னால் வடிந்து ஒரு சின்ன டிரேயில் விழுந்தது. சூட்டுக்குத் தனித் திருகு. மூடியின் கீல் இரும்பில் வார்த்தது, வைக்கிற துண்டு தடிமனாக இருந்தால் தானாகவே உயர்ந்துகொடுத்தது. மூடியும் நல்ல கனம், சமமாக அழுத்தும். அக்கா தன் வீட்டு மேடையின் அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், அதுவும் சரியாக வந்தது. கடைப்பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அக்கா மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. முகம் தொங்கிப்போயிருந்தது. கையில் அதே பெட்டி.

"என்னக்கா, ஓடலையா?"

"நல்லா ஓடுது. அவர் பாக்கத்தான் செஞ்சார். எந்திரிச்சே வந்தார் தம்பி. மூடியைத் தூக்கினார். பாதிகூட வரலை, கை விட்டுடுச்சு. டமார்னு விழுந்துச்சு. 'நல்ல மெஷின்தான், நீயே பண்ணு'ன்னு சொல்லிட்டுத் திரும்பப் போய் உக்காந்துட்டார்."

"இடது கையால தூக்கலாமே?"

"இடது கை மீனைப் பிடிச்சிருக்கும்ல? அப்ப மூடியை யாரு பிடிப்பா? நீயா?" என்றவர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். பிறகு மெதுவாக, "மூணு கடை ஏறி இறங்கி மெஷினோட வயித்துக்குள்ள எல்லாம் பாத்தேன். அவர் கையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாக்கலை. நீ சொன்னே. கேக்கலை" என்றார்.

இந்த அம்மாள் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமானதில் ஒரு துளிகூட ருசி இல்லை.

கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா என் வலது கையைப் பிடித்து இழுத்தார். மேஜையில் கிடந்த ஒரு அடி ஸ்கேலை மணிக்கட்டின் உள்பக்கமாக வைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றினார்.

"இப்ப இது உன் மாமா கை. விரலை இறுக்காம இந்த மூடியைத் தூக்கு."

தூக்க முடியவில்லை. டமார். உடைந்த சாமான்கள் கிடக்கும் அலமாரியிலிருந்து விதவிதமான கைப்பிடிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கம்பியால் மூடியில் கட்டி என்னைத் தூக்கச் சொன்னார். குக்கர் பிடி, டமார். கெட்டில் பிடி, டமார். அந்த நேரம் மிக்ஸியோடு வந்த ஒரு அம்மா என் கையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஐயையோ, கையில அடியா தம்பி?"

"இல்லம்மா, சமையல் கத்துக்கறேன்" என்றேன்.

கடைசியாக ஒரு பழைய பெரிய ஓவனின் கதவுப் பிடி. அகலமாக வளைந்து நிற்கும், சூடு ஏறாத வகை. அக்கா என் விரல்களை ஒதுக்கிவிட்டு, முன்கையை அந்த வளைவுக்குள் நுழைத்துத் தூக்கச் சொன்னார். மூடி அலட்டிக்கொள்ளாமல் மேலே வந்தது. விரலுக்கு வேலையே இல்லை, மணிக்கட்டு சும்மா கூட வந்தது. இன்னொரு தடவை தூக்கினேன். அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்தார். சந்தோஷம் வந்தால் அவருக்குக் கை நீளும்.

அதைப் பொருத்த மூடியின் மேலோட்டைத் திறந்தாக வேண்டும். அதன் மேல் கம்பெனி சீல் ஒட்டியிருந்தது. இந்தச் சீல் கிழிந்திருந்தால் வாரண்டி கிடையாது என்று சிவப்பு மையில் எழுதி, தினம் நாலு பேரிடம் திட்டு வாங்குவது என் பிழைப்பு. "அக்கா! நேத்துதான் வாங்கினது!" என்று நான் கத்துவதற்குள் சர்ரென்று கிழித்துவிட்டார்.

"நான் வீட்டுல இருக்கும்போது அதுக்கு எதுக்குடா வாரண்டி?"

இரண்டு துளை புதிதாகப் போட்டார். பிடியைப் பூட்டினார். டெஸ்டரைத் தேடினார், கொண்டையில் இருப்பதைச் சொன்னேன். மெஷினைச் சூடாக்கி, உடம்பில் எங்கேயும் கரண்ட் கசியவில்லை என்று நாலு இடத்தில் தொட்டுப் பார்த்தார். ஓட்டிப் பார்த்து முடிக்கிறவரை முதலாளி அந்தப் பக்கம் வராமலிருந்தது நாங்கள் செய்த புண்ணியம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். மாமா நாற்காலியில்தான் இருந்தார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. மெஷினை மேடைமேல் வைத்துவிட்டு, "என்னங்க, பிடி மாத்தியிருக்கேன். சும்மா பாருங்க" என்று சொல்லிவிட்டு எதையோ துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஆனது. எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

மாமா வந்து பிடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முன்கையை உள்ளே விட்டுத் தூக்கினார். மூடி மேலே வந்தது. இறக்கினார். திரும்பத் தூக்கினார். மூன்றாவது தடவை தூக்கியபடியே, "மீன் இருக்கா?" என்றார்.

மீன் இருந்தது. அக்கா காலையிலேயே மசாலா தடவி ஊறவைத்திருந்தார். மாமா தட்டை மூக்கருகே கொண்டுபோனார். "இதுல என்ன போட்டே?" அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா குழாயைத் திறந்து, அத்தனை மீனையும் சுத்தமாகக் கழுவிவிட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இடது கையால் உப்பும் மிளகும் தடவினார். மெதுவாகத்தான் செய்தார். தட்டு சூடானதும் முன்கையால் மூடியைத் தூக்கி, இடது கையால் ஒரு துண்டை வைத்தார். சொய்ங் என்றது. அக்கா பக்கத்திலேயே, மூடி விழுந்தால் பிடிக்கத் தயாராக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது துண்டுக்கும் அப்படியே நின்றார். மூன்றாவதுக்கு மாமா திரும்பினார்.

"நீ கொஞ்சம் வெளிய போய் உக்காரு."

"கை நழுவிட்டா?"

"நழுவினா நழுவட்டும். சமைக்கிற இடத்துல இப்படிக் குறுக்க நின்னா நான் எப்படி வேலை பாக்கறது? போ. தம்பியையும் கூட்டிட்டுப் போ."

வெளியே வந்து அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. "வெளிய போங்கறார் தம்பி" என்று என்னிடம் சொன்னார், அது என் காதில் விழவே இல்லை என்பதுபோல. "என் வீட்டுல, என்னை வெளிய போங்கறார்."

உள்ளே ஏதோ தடதடவென்று உருண்டது. அக்கா பாதி எழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல, கரண்டிதான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எந்திரிக்காதே, உக்காரு!"

அக்கா உட்கார்ந்தார்.