சுவர்த் தலைக்கு வைக்காத மண்

இதை எழுத வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தபோது என் தலைமயிர் கறுப்பாக இருந்தது. இப்போது கண்ணாடி இல்லாமல் எழுத்தே தெரியவில்லை. இடையில் எத்தனையோ தடவை நோட்டைத் திறந்திருக்கிறேன். இரண்டு வரி எழுதுவேன். வெளியே யாராவது செருமினால் பாய்க்கடியில் தள்ளிவிடுவேன். ஆண்டவருக்கு முன்னால் முழங்காலிட்டு அழுது சொன்னதை மனுஷருக்கு முன்னால் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் மன்னிப்பார் என்ற நம்பிக்கை உண்டு. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத்தான் தெரியும்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருந்தது. அந்தப் பக்கத்தில் வருஷம் பூராவும் மழைக்காக ஜெபம் பண்ணுவோம். ஆனால் வீடெல்லாம் மண் சுவர். கேட்ட மழை வந்தால் முதலில் அடி வாங்குவது வீடுதான். அதனால் புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்கு வீடு வேலை கிடக்கும். ஓட்டு இடுக்கில் குருவி கட்டின கூட்டைப் பிடுங்க வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்குகிற தூம்பில் அடைத்த சருகை எடுக்க வேண்டும். எலி வளையில் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் திணித்து மண்ணால் அடைக்க வேண்டும். கறையான் ஏறின தடத்தைச் சுரண்டி விட வேண்டும். இதையெல்லாம் ஊரே செய்யும். கண்ணுக்குத் தெரிகிற வேலை அல்லவா! தெரியாத வேலை ஒன்று உண்டு. சுவரின் தலைக்கு மண் வைப்பது. கண்மாய் மண்ணில் வரகு வைக்கோலை வெட்டிப் போட்டு, மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மிதித்துக் குழைத்து, வெயிலில் வெடித்துப்போன சுவர்த் தலையில் கனமாக அப்பி வழுவழுவென்று தேய்த்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். வெளியே பார்த்தால் சுவர் நன்றாகத்தான் நிற்கும். உள்ளே களியாகி இருக்கும்.

எங்கள் அப்பா இறந்த பிறகு வீட்டை அண்ணனும் நானும் பாதிப் பாதியாகப் பிரித்தோம். நடுவில் ஒரு சுவர் எழுப்பினோம். என் பாதிக்கு நான் நாட்டு ஓடு போட்டேன். அண்ணன் பாதி பனையோலைக் கூரையாகவே இருந்தது. இரண்டு கூரைக்கும் மேலே நடுச்சுவர் ஒரு முழம் நீட்டிக்கொண்டு வானம் பார்த்து நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பொதுச் சுவருக்கு யார் தனியாக மண் வைக்கிறார்களோ, பிற்காலத்தில் சுவர் எனக்குத்தான் என்று அவர்கள் வாதாடலாம். அதனால் பங்குப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது: நடுச்சுவர் பொது, இருவரும் சேர்ந்தே கை வைக்க வேண்டும், ஒருவர் மட்டும் தொடக்கூடாது. இன்னொன்றும் எழுதியிருந்தது. ஒருவர் வாரிசில்லாமல் போனால் அவர் சம்சாரம் இருக்கிற வரை அந்தப் பாதியில் இருக்கலாம். குடியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் அது மற்றவரைச் சேரும்.

அண்ணன் இருந்த வரை ஒரு தொல்லையும் இல்லை. புரட்டாசியில் ஒரு நாள் அவர் பக்கம் அவர் ஏணி போடுவார், என் பக்கம் நான் போடுவேன். அண்ணன் கேலிக்காரர்.

"ஏலே, ஒஞ் சரிவுக்கு ஒரு சட்டி கூடப் போகுதுலே. அது எம் பொண்டாட்டி செமந்த மண்ணு."

"மதினி செமந்தா என்ன, என் வீடும் அவுக வீடுதானே?" என்பேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்த வருஷத்தில், அண்ணன் விஷக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மதினி தனியாகக் காட்டுக்குப் போய்ப் பருத்தி எடுத்துப் பிழைத்தார். கம்பு கூலியாகக் கிடைக்கும். அதைக் குலுக்கையில், அந்த ஆளுயர மண் குதிரில், போட்டு, அதன் வாயை மண்ணால் மெழுகி, வருஷம் பூராவும் அளந்து குடித்தார். குலுக்கை நடுச்சுவர் ஓரத்தில் நின்றது.

எனக்கு மதினியின் அந்தப் பாதி வேண்டியிருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், இடம் பற்றவில்லை என்று அப்போது மனசுக்குச் சமாதானம் சொன்னேன். பெண்கள் இல்லாவிட்டாலும் ஆசைப்பட்டிருப்பேன்.

அண்ணன் போன மறு புரட்டாசியில் மதினி மண்ணைக் குழைத்து வைத்துவிட்டு என் வாசலுக்கு வந்தார்.

"கொழுந்தனாரே, மண்ணு ஊறிப் பதமா இருக்கு. நீங்க ஒரு எட்டு ஏறுனீகன்னா நான் இந்தப் பக்கம் ஏறிக்கிடுவேன்."

"பொம்பள ஏணில ஏறுறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நனையிறவ நாந்தானே?"

"நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

மறுநாளும் நாளைக்கு என்றேன். குழைத்த மண் காய்ந்து கட்டியானது. தண்ணீர் ஊற்றி மறுபடி மிதித்தார். அப்புறமும் வந்து கேட்டார். ஐந்தாம் நாள் நான் உழவுக்குப் போயிருந்த நேரத்தில் தாமே ஏணியில் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முக்கால்வாசிச் சுவருக்கு மண் வைத்துவிட்டார்.

நான் வந்து பார்த்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் ஏணியில் ஏறினேன். ஈரம் காயாத மண்ணைச் சுரண்டி அவர் முற்றத்தில் தள்ளினேன். கோழிகள் சிதறி ஓடின. மதினி கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், நல்லாத் தேய்க்கலையா?" என்று கேட்டார்.

"பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? ஒத்தையாத் தொடக்கூடாதுல்ல?"

"சேந்து வாங்கன்னு அஞ்சு நாளா ஒங்க வாசல்ல நின்னேனே."

"அது பத்திரத்துல இல்ல" என்றேன்.

எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "எக்கா, ஒங்க கொழுந்தன் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்!" என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். சுரண்டும்போது புது மண்ணோடு பழைய மண்ணும் பெயர்ந்து வந்தது. அண்ணன் கையால் வைத்த மண். அது பெயர்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினேன். இன்னொன்றும் தெரியும். என் ஓட்டுக்கு நான் தனியாகக் கால் நட்டு விட்டம் போட்டிருந்தேன். மதினியின் கூரை மரங்கள் முழுசாக அந்தச் சுவரில்தான் தாங்கின. சுவர் விழுந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

மதினி எங்கள் சபை உபதேசியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் என்னைக் கோவில் வாசலில் நிறுத்தினார்.

"அந்தம்மா சங்கடப்படுறாக. ஒரு நாள் வேலைதானய்யா?"

"அய்யா, பெரியவுக எழுதி வச்ச எழுத்தை நான் மீறலாமா? நாளைக்கு எம் பிள்ளைக கேக்குமே" என்றேன்.

எழுத்து என்றதும் அவர் பேச்சை விட்டுவிட்டார். நான் வாரம் தவறாமல் கோவிலுக்குப் போகிறவன், ஜெபக் கூட்டத்தில் முதல் பாயில் உட்காருகிறவன். என்னிடம் அதற்கு மேல் என்ன கேட்பார்?

அந்த வருஷம் மழை பொய்த்தது. சுவர் நின்றது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து, நடுச்சுவரில் என் பக்கத்தையும் இரண்டு கை அடித்தேன். பஜனைக்கு வந்தவர்கள் வீடு பளிச்சென்று இருக்கிறது என்றார்கள்.

அடுத்த புரட்டாசியில் மதினி மண் குழைக்கவில்லை. கேட்கவும் வரவில்லை. சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை மாத்திரம் எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். குலுக்கையை நகர்த்த ஒரு ஆளால் முடியாது. நகர்த்தித் தாருங்கள் என்று யாரையும் அவர் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் வெளிச்சம் வந்ததும், நான் அடித்த சுண்ணாம்பில் மேலிருந்து கீழ்வரை பழுப்புக் கோடுகள் இறங்கியிருப்பதைப் பார்த்தோம். என் மனைவி சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

"இங்கேருங்க, செவுரு கொழகொழன்னு இருக்கு. அக்காவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லிட்டு வாரேன்."

"ஜெபத்துக்கு நேரமாச்சு. முடிச்சிட்டுப் போ" என்றேன்.

பாயை விரித்து நாங்கள் நாலு பேரும் முழங்காலிட்டோம். அன்றைக்கு நான் நீளமாக ஜெபித்தேன். மழை தந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். விதைப்புக்காகக் கேட்டேன். பட்டாளத்தில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்டேன். அந்நேரம் தரை அதிர்ந்தது. ஈர மண் மொத்தமாக உட்காருகிற சத்தம், அதன்மேல் மரம் முறிகிற சத்தம், அப்புறம் கோழிகளின் சத்தம். என் மனைவி கண் திறந்து எழுந்தாள். உட்கார் என்று கையைக் காட்டினேன். உட்கார்ந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சபைக்காக, ஊருக்காக, ஒன்றையும் குறைக்காமல் வேண்டி முடித்து, ஆமென் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். பிள்ளைகள் ஆமென் சொல்லவில்லை.

சுவர் அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூரை அதன்மேல் படுத்திருந்தது. மதினி மல்லாந்து கிடந்தார். இடது கை முழங்கை வரை மண்ணுக்குள் இருந்தது. குலுக்கை உடைந்து, கம்பு சேற்றில் பரவிக்கொண்டிருந்தது. குலுக்கை மேல் சாக்குப் போடப் போன நேரத்தில்தான் சுவர் விழுந்திருக்கிறது.

"கொழுந்தனாரே, மொதல்ல கம்ப அள்ளுங்க. நனையுது" என்றார்.

அதற்குள் தெருவில் உள்ளவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்ட கேள்வி இது: "எம் பக்கம் ஓடு எறங்கியிருக்கான்னு பாருங்கப்பா."

ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கையால் மண்ணை அள்ளத் தொடங்கினான். அப்புறம்தான் நானும் குனிந்து மண்ணைத் தோண்டினேன்.

மதினியின் கை எலும்பு கூடவில்லை. விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. பருத்தி எடுக்க இரண்டு கையும் வேண்டும். அள்ளி வைத்த கம்பு முளைத்துப் பூசணம் பூத்து நாறிப் போனது. ரேஷனில் போடுகிற தானியம் ஒரு வாரத்துக்குக் காணாது. பாலவனத்தத்திலிருந்து மதினியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என் மனைவி அழுதுகொண்டே பாத்திரங்களை ஏற்றினாள். மதினி அழவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனி ரெண்டு ஏணியும் ஒங்களுக்குத்தான். பாத்து ஏறுங்க, வழுக்கும்."

சாபம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பத்திரத்தின்படி அந்தப் பாதி என்னைச் சேர்ந்தது. நடுச்சுவர் இனித் தேவையில்லை. மிச்சத்தையும் இடித்துத் தரையைச் சமப்படுத்தி, நீளமாக ஒரே ஓடு போட்டேன். என் இரண்டு பெண்களின் கல்யாணமும் அந்த வீட்டில்தான் நடந்தது. மதினி அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று வருஷம் கிடந்தார். நான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. அடக்கத்துக்குத்தான் போனேன். அங்கே ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தை ஆளா மண்ணைத் தோண்டிக் காப்பாத்துனீகளாமே, இந்தக் காலத்துல எந்தக் கொழுந்தன் செய்வான்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். மழை சுவரைத் தள்ளியதாம். தாத்தா ஜெபம் பண்ணிவிட்டுப் போய்ப் பெரிய பாட்டியைத் தோண்டி எடுத்தாராம். ஜெபத்தினால்தான் உயிர் தப்பியதாம். சின்னவள் அதை ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் நோட்டைத் திரும்ப எடுத்தேன்.

இதை வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களிடம் சொல்லுங்கள், என் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். பாவம், அவன் பிற்பாடு வருத்தப்பட்டான் என்று கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். மழை தள்ளியது என்று சொல்ல வேண்டாம். மழைக்கு முன்னால் ஒருவன் மண்வெட்டியோடு ஏறினான், சத்தம் கேட்ட பிறகும் ஜெபத்தை நிறுத்தாமல் இருந்தான் என்று சொல்லுங்கள். மதினியின் அந்தக் கைக்கு நான் செய்யக்கூடியது இனி இவ்வளவுதான்.