அடையாளத் தாள் நின்ற இடம்

தூத்துக்குடிக் கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது, காயல்பட்டினத்து ஆங்கில ஆசிரியை ஒருவர் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப்போவார். நூறாண்டுக்கு முன் இங்கிலாந்து எழுத்தாளர்கள் இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களின் தொகுப்பு அது. வெள்ளை முக்காடு, சாக்பீஸ் படிந்த விரல்கள். கடைசிக் கடிதத்துக்கு முன்னாலேயே அடையாளத் தாளை வைத்துத் திருப்பித் தருவார்.

"கடைசிக் கடிதத்த மட்டும் ஏன் டீச்சர் படிக்கிறதில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதினவர் கண்ண மூடி மௌத்தான பெறகு போய்ச் சேர்ந்த கடிதாசி அதுன்னு முன்னுரையில போட்டிருக்கு," என்றார். "எங்க வீட்டுக்காரரும் துபாயிலேருந்து ஊருக்கு வந்த ஆள்கிட்ட ஒண்ணு கொடுத்துவிட்டாங்க. அவங்க மௌத்துச் சேதி அந்தக் கடிதாசிய முந்திக்கிட்டு வந்துடுச்சு. இன்னும் பிரிக்கல. ஏதாச்சும் கேட்டிருந்தாங்கன்னா, நான் யாருக்குப் பதில் எழுத?"

அவர் போனதும் புத்தகத்தின் அந்தக் கடைசிக் கடிதத்தைப் படித்தேன். அது ஒரு கேள்வியில்தான் முடிந்திருந்தது.