மஞ்சள் தடவிய கார்டுகளும் மூழ்கிப்போன செலவும்

மஞ்சள் வாசனையும் அச்சு மை வாசனையும் சேர்ந்தால் ஒரு மாதிரி தலை சுற்றும். மலேசியாவில், கரங்கான் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு வாரம் அந்த வாசனைதான்...

என் கல்யாணக் கார்டுகள். அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, வெற்றிலைத் தட்டோடு மோட்டார் சைக்கிளில் அழைக்கக் கிளம்புவார். நேரில் போய்ச் சொல்லவில்லை என்றால் எங்கள் ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

அப்போது நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் செய்யும் ஒரு ஃபேக்டரியில் லைன் லீடர். மாப்பிள்ளை சுங்கை பட்டாணிக்காரர். நல்ல வேலை, நல்ல குடும்பம்... எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நிச்சயம் ஆன மறுவாரமே ஆரம்பித்தது. ஃபேக்டரி பஸ்ஸில் ஏறியதும் அவரிடமிருந்து போன் வரும். பக்கத்து சீட்டில் யார் என்று கேட்பார். படம் எடுத்து அனுப்பச் சொல்வார். ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். என் போனை வாங்கி, இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாக அழித்தார். சத்தம் போடவில்லை. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே அழித்தார்.

மிஞ்சியது நாலு நம்பர். அப்பா, அம்மா, ஃபேக்டரி, அவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, கார்டு அடித்தாயிற்று, பாதி ஊருக்குச் சொல்லியாயிற்று... இனி எப்படி? இதையே சொல்லிச் சொல்லி ஒரு மாதம் தள்ளினேன். பல்கலைக்கு முந்தின ஃபார்ம் சிக்ஸில் எக்கனாமிக்ஸ் எடுத்தவள் நான். சங்க் காஸ்ட் என்றால் என்ன என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். மூழ்கிப்போன செலவு. எதைச் செய்தாலும் திரும்பி வராதது, அதனால் அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக்கூடாது. மார்க்கும் வாங்கினேன், மறந்தும் போனேன்.

ஒரு நாள் காலை ஷிஃப்டில் சிப் செய்யும் சிலிக்கான் தகடு, ஒரு லாட் வேஃபர், பழுது என்று தெரிந்தது. ஸ்கிராப் பண்ணச் சொன்னேன். வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஷாலினி வேஃபர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது எத்தன ஸ்டெப் தாண்டி வந்திருக்கு... இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. முடிச்சிடலாமே, வீணாப் போகுதே, சாயாங் லா."

"போன ஸ்டெப்பு திரும்பி வராதுடி. பழுதுன்னு தெரிஞ்ச பெறகு இன்னொரு ஸ்டெப்பு போட்டா அதுவும் சேந்து வேஸ்ட்டு."

சொல்லிவிட்டேன். தினமும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அன்றைக்கு என் காதிலேயே விழுந்தது. தூசி படாமல் இருக்க நாங்கள் போடும், முகத்தை மூடிய வெள்ளை உடுப்புக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அப்பா அழைக்கக் கிளம்ப வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா."

"என்னம்மா பேசற நீ? மண்டபம் புக் பண்ணியாச்சு. பாதி ஊருக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்து சொல்றியா?"

"அதெல்லாம் போனது போனதுதான்பா. நான் கட்டிக்கிட்டாலும் திரும்பி வராது, கட்டிக்காட்டியும் வராது. இனிமே போகப் போறது நாந்தான்."

போனைக் கையில் கொடுத்தேன். அப்பா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நாலே பேர். "மத்த நம்பர்லாம் எங்க?" என்றார். சொன்னேன். அம்மா மஞ்சள் கிண்ணத்தை மூடி வைத்தார். அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, "நடக்காதுங்க, மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மறுபடி மோட்டாரை எடுத்தார். அழைத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனார், கல்யாணம் இல்லை என்று சொல்ல. நேரில் சொன்னதை நேரில்தான் திரும்ப வாங்க வேண்டுமாம். இதற்குத் தட்டு கொண்டு போவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. வெறும் கையோடு போனார். முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்கு வந்து, "சோறு வேணாம், பதினோரு வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டேன்" என்றார்.

அந்தப் பதினோரு வீட்டில் என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வாரம் கழித்து, அதில் ஒரு வீட்டு அக்கா பாசாரில் பார்த்துச் சொன்னார். "பிள்ளைக்கு என்ன கொறைன்னு எங்க மாமியார் கேட்டுட்டாங்கம்மா. 'பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நாந்தான் மாப்பிள்ளைய சரியா பாக்கல'ன்னாரு உங்கப்பா." மீன் கடை முன்னால் நின்று அழுதேன்.

கொடுக்காத கார்டுகளை மட்டும் அப்பா தூக்கிப் போட விடவில்லை. "நல்ல அட்டைலா, எதுக்காச்சும் ஆகும்." அம்மா பல வருடம் அதன் பின்பக்கம்தான் சாமான் லிஸ்ட் எழுதினார். முன்பக்கம் என் பெயர், பின்பக்கம் சீனி, கிச்சாப், கடுகு...

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன வாரம் நம் ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரே சண்டை. ஊர்ப் பணத்தில் ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற அந்தப் பொதுக் கட்டடத்தைப் பற்றி. "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, முடிச்சுத்தான் ஆகணும்" என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். முடிக்கலாம், முடிக்காமலும் விடலாம். ஆனால் இனிமேல் ஆகப்போகிற செலவையும் அதனால் வரப்போகிற நன்மையையும் சொல்லுங்கள். போனதைச் சொல்லாதீர்கள். போனதைச் சொல்லியே ஒரு வாழ்க்கையைக் கொடுக்கப் பார்த்தவள் நான்.

இன்றைக்கும் அதே பஸ்தான். சார்ஜ் தீர்ந்தால் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறேன். வீடு வரும்போது டிரைவர் அண்ணன் எழுப்புவார்.

நேற்று அம்மாவின் டிராயரில் கடைசிக் கார்டு ஒன்று கிடைத்தது. மூலையில் மஞ்சள் வெளுத்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன்.

"மண்டபக் காசெல்லாம் போச்சேன்னு கஷ்டமா இருந்துச்சாப்பா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எந்த மண்டபம்?" என்றார்.