என் மொறிஸ் மைனரும் அதைக் கழற்றிக்கொண்டு போனவர்களும்

கார் திருத்துகிறவனிடம் எவரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. ஓடுகிற காரை யார் கொண்டுவரப் போகிறார்கள்? வீட்டு முற்றத்தில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டச் சாமான் கிடைக்காமல் தலையில் கைவைத்து இருந்தவர் நீங்களென்றால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

எழுபதுகளின் தொடக்கம். இறக்குமதித் தடையால் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். கோப்பாயில் எங்கள் வீட்டில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் ஊரார் கார்களைத் திருத்திப் பிழைத்தேன். தாய் தகப்பன் இல்லை. நானும் தங்கச்சி புஷ்பமும்தான். எனக்கென்று ஒரு காரை ஓடவைத்து, அதை வாடகைக்கு ஓட்டி, இந்தக் கிறீசுக்குள்ளிருந்து எழும்பிவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

அடைக்கோழி

அந்தக் கார், ஒரு மொறிஸ் மைனர், அளவெட்டியில் ஒரு வீட்டின் பின்வளவில் வாழைகளுக்கு நடுவே கிடந்தது. விலை பேசி முடித்து, கட்டி இழுக்க மாட்டுவண்டியோடு போய் நின்றால், பின்சீற்றில் ஒரு கோழி அடைகிடக்கிறது. வீட்டுக்கார அம்மா கதவில் கைவைக்க விடவில்லை. வண்டிக்காரன் சிரித்தான். அம்மா சொன்னார்:

“குஞ்சு பொரிச்சாப்போலை வாரும் தம்பி. அடை கலைஞ்சால் முட்டை பழுதாப்போம். உந்தக் கார் இனிப் பழுதாக என்ன கிடக்கு?”

மாப்பிள்ளைக் கார்

என்ஜினுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடி ஒன்றுக்காக நான் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை. கடைசியில் கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்தார். பூட்டி இரண்டு நாள் ஆகவில்லை. இணுவிலிலிருந்து ஒரு வாடகைக் கார்க்காரன் சைக்கிளில் பறந்து வந்தான். தன் மொறிஸில் அதே மூடி வெடித்துவிட்டதாம். மாப்பிள்ளை தலைப்பாகையோடு றோட்டில் நிற்கிறாராம், முகூர்த்தம் நெருங்குகிறதாம். கழற்றிக் கொடுத்தேன். “பின்னேரம் கொண்டுவாறன்” என்று போனவன் வரவேயில்லை. அந்த மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் சந்தையடியில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

“அண்ணை, உங்கடை நிக்கிற கார். என்ரை ஓடுற கார். ஓடுறதிலையிருந்து கழட்டி நிக்கிறதுக்குப் பூட்டச் சொல்லுறது நியாயமே?”

எண்ணெய் முழுக்கு

முன்பொருதரம் என்னிடம் காட்டிப்போன தன் காரை, வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் நாலு பேர் தள்ளக் கொண்டுவந்தார். பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பரெல்லாம் ஊதிக் கிடக்கிறது, நல்லெண்ணெய் மணக்கிறது. பிரேக் எண்ணெய் கிடைக்காத நாளில் சிலர் ஆமணக்கெண்ணெய் விட்டுச் சமாளித்ததுண்டு. இவர் ஏன் நல்லெண்ணெய் விட்டார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய மகள் நிறைமாதம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டிவரும் என்றார். என் காருக்கென்று பிஸ்கற் ரின்னுக்குள் பதுக்கி வைத்திருந்த ரப்பர்களை எடுத்துப் பூட்டினேன். பூட்டும்போது கோபம் கோபமாய் வந்தது. நல்லெண்ணெய் விட்ட காரணத்தைக் கேட்டேன்.

“பிரேக் சூடாகுது எண்டு நீர்தானே சொன்னனீர்? எங்களுக்கே சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகினால் சூடு இறங்குது, இரும்புக்கு இறங்காதோ?”

பெண் பார்க்க வந்தவர்

எப்படியோ ஒருநாள் அது ஓடியது. கரும்பச்சை அடித்து, கோயிலடியில் தேங்காய் உடைத்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்று நான் அழுததைப் புஷ்பம் பார்த்துவிட்டாள்.

அந்தக் கிழமையே தரகர் ஒரு சம்பந்தத்தோடு வந்தார். மாப்பிள்ளை அரசாங்கக் கிளாக்கர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பன் புஷ்பத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு கொட்டிலடிக்குப் போய் பொனற்றைத் திறந்து பார்த்தார், உள்ளே ஏறி இருந்து பார்த்தார், ஹோர்ன் அடித்தும் பார்த்தார்.

“பிள்ளை எங்களுக்குப் பிடிச்சுக்கொண்டுது. உந்தக் காரையும் பெடியன்ரை பேரிலை மாத்திவிட்டால் வேறை கதையில்லை.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முன்னே வந்த சம்பந்தங்கள் எல்லாம் சீதனத்தில்தான் குழம்பிப்போயின. இதுவும் போனால் அவளை இனி யார் கேட்டு வரப்போகிறார்கள்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு உந்தச் சம்பந்தம் வேண்டாம் அண்ணை. நீங்கள் காரை விடாதேங்கோ.”

அவள் அப்படிச் சொன்னபிறகு காரை எப்படி வைத்திருப்பது? எழுதிக் கொடுத்தேன்.

வீட்டு ஆள்

கல்யாணம் முடிந்து சில மாதத்தில் என் மொறிஸைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை றேடியேற்றரில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பருத்தித்துறை வரைக்கும் மிதித்திருக்கிறார். என்ஜின் வெந்து இறுகிவிட்டது. நான் சாக்கை விரித்து அடியில் புகுந்தேன். புஷ்பத்தின் கால்கள் மட்டும் தெரிந்தன, அவை அசையவில்லை. பக்கத்தில் பளபளவென்று மினுக்கிய சப்பாத்துகள். அங்கேயிருந்து குரல் வந்தது:

“மச்சான், சீதனமாய்க் குடுக்கிற சாமான் எண்டால் கொஞ்சம் கவனமாய்த் திருத்தியிருக்கலாமே.”

என்னைப்போல் காருக்கடியில் காலத்தைக் கழித்தவர்களே, அங்கே கிடப்பதில் உள்ள ஒரே வசதி, மேலே நின்று பேசுகிறவருக்கு நம்முடைய முகம் தெரியாது என்பதுதான்.